பழைய கனரக வண்டி வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

கடந்த மூன்று வாரங்களாகச் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டார லாரி உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடை போலிப் பாகம் விற்பதாகச் சொல்லும் ஒரு குரல் பதிவு சுற்றி வருவதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கேட்டவுடன் எங்களை அழைத்து நடந்தது என்னவென்று விசாரித்தவர்கள் உண்டு. எதுவும் கேட்காமல் வழக்கம்போல் வந்து சாமான் வாங்கிச் சென்றவர்களும் உண்டு. இரு சாராருக்கும் எங்கள் நன்றி. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொண்டலாம்பட்டிப் பக்கம் பழைய வண்டிகளுக்கென்றே நடந்துவரும் ஓர் உதிரிபாகக் கடையை 'டூப்ளிகேட் விற்கிறார்கள்' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்கு வாய்மொழியாக ஒவ்வொருவரிடமும் பதில் சொல்லித் தீராது என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் மரம் ஏற்றுவதற்கென ஒரு பழைய டாடா 1210 லாரி இருக்கிறது. அதன் ஹவுசிங்கில் (பின் அச்சின் கூட்டில்) சத்தம் வருவதாக அவருடைய மெக்கானிக் தொலைபேசியில் சொல்லி, 7-க்கு 41 பினியன் (41 பல் உள்ள பெரிய கிரௌன் வீலைச் சுழற்றும் 7 பல் சிறு சக்கரம்) வேண்டும் என்றார். பினியனைத் தனியாக நாங்கள் விற்பதில்லை, கிரௌன் வீலும் பினியனும் சேர்ந்த ஜோடியாகத்தான் தருவோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஜோடியாகவே அனுப்பினோம். பட்டறையில், கூண்டிலிருந்து பழைய கிரௌன் வீலைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலை மிச்சமாகட்டும் என்று எண்ணி, புதிய பினியனை மட்டும் போட்டுப் பழைய கிரௌன் வீலோடு ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு நடை போவதற்குள் வண்டி உறுமத் தொடங்கிவிட்டது. பெட்டி எங்களிடம் திரும்பி வந்தபோது புதிய கிரௌன் வீல் எண்ணெய்த் தாள் பிரிக்கப்படாமல் அப்படியே உள்ளே இருந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், பல் எண்ணிக்கை ஒத்துப்போனால் பாகமும் ஒத்துப்போகும் என்ற எண்ணம் நல்ல மெக்கானிக்குகளிடமும் இருக்கிறது. கிரௌன் வீலும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று ஓடவிடப்பட்டு, இரண்டின் பல்முகங்களும் சேர்த்து இழைக்கப்படுகின்றன. அந்த ஜோடிக்கென்று ஓர் எண் பினியனின் தலையிலும் கிரௌன் வீலின் முகத்திலும் பொறிக்கப்படுகிறது. பழைய கிரௌன் வீலோ தன் பழைய பினியனோடு பல்லாண்டு ஓடி, அதன் தேய்மானத்துக்கேற்பத் தன் பல்லையும் தேய்த்துக்கொண்டிருக்கும். அதன்மேல் புதிய பினியனை ஏற்றினால், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எத்தனை மாற்றினாலும், பல்லில் நீலம் தடவிச் சுற்றிப் பார்த்தால் தொடும் இடம் நடுவில் விழாமல் ஓரத்துக்கே போகும். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் கியரில் பிடித்தபடி இறங்கி வரும்போது சுமை பல்லின் மறுமுகத்துக்கு மாறுகிறது. பொருந்தாத ஜோடி முதலில் அங்கேதான் சத்தம் போடும். பாகம் போலியாக இருந்ததால் அந்த வண்டி உறுமவில்லை. அந்தப் பினியனை எங்கள் கடையில் எவர் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். எண்ணும் பொறித்திருக்கிறது, பல்லின் கடினமும் குறையவில்லை.

அன்றைய பில்லில் ஜோடி எண் எழுதப்படாமல் விடுபட்டுப் போனது. ஆயினும், பெட்டியிலேயே ஜோடியாக விற்கப்படுவது என்று அச்சிட்டிருக்கிறது. வேறொரு ஜோடியைப் பாதி விலைக்குத் தருவதாகவும் சொல்லிப் பார்த்தோம், லாரியின் உரிமையாளர் ஏற்கவில்லை. அவர் மீது எங்களுக்குக் கோபமில்லை. மலையில் சுமையோடு நின்றுபோன வண்டியின் உரிமையாளருக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் போலி என்ற அந்த ஒரு சொல்தான் எங்களை உறங்கவிடவில்லை.

இந்த நிகழ்ச்சி நடந்த வாரத்தில்தான், நம் கடையில் ஸ்டோர் பார்த்துவந்த அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஈரோட்டில் மகள் வீட்டுக்குப் போனார். உங்களுக்கு அவரைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கிரீஸ் அப்பிய ஒரு பேரிங்கைத் துடைக்காமலே கையில் வாங்கி, விரலால் உள்வட்டத்தைச் சுற்றிப் பார்த்து, எந்த வண்டியின் எந்த இடம் என்று சொல்லக்கூடியவர். அவர் இருந்தவரை 'பென்ஸ் வண்டிக்கு நடு பேரிங்' என்று தொலைபேசியில் சொன்னாலே போதுமானதாக இருந்தது. மேற்கொண்டு என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இப்போது கவுண்டரில் நிற்கும் தம்பிகள் இருவரும் அக்கறையானவர்கள். ஆனால் அந்தக் கண் அவர்களுக்கு வரச் சில ஆண்டுகளாவது ஆகும். அதுவரை அண்ணனின் கண் செய்த வேலையை அளவுகோலும் எழுத்தும்தான் செய்ய வேண்டும். அதற்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது.

பாகத்தின் பெயரை மட்டும் சொன்னால் ஏன் போதாது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறோம். 1954 முதல் 1969 வரை டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) நிறுவனம் டைம்லர் பென்ஸின் கூட்டுறவோடு லாரி தயாரித்தது. முகப்பில் நட்சத்திரத்தோடு வந்த அந்த வண்டிகளைத்தான் நம் ஊரில் பென்ஸ் லாரி என்கிறோம். நட்சத்திரம் போன பிறகு வந்த வண்டிகளையும் அதே பெயரால் அழைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே பென்ஸ் என்ற சொல் எங்களுக்கு வண்டியைக் காட்டுமே தவிர, இன்ஜினைக் காட்டாது. இன்ஜின் எண்ணைச் சொன்னால் நிலைமையே வேறு. டாடா 692 என்றால் ஆறு சிலிண்டர், 92 மி.மீ. துளை (சிலிண்டரின் உள்விட்டம்), 697 என்றால் அதே ஆறு சிலிண்டர், 97 மி.மீ. துளை. லேலண்டில் கணக்கு வேறு: 370, 400, 680 என்பவை இன்ஜினின் மொத்தக் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும் எண்கள். 680 என்பது ஏறக்குறைய 11.1 லிட்டர், 370 என்பது ஏறக்குறைய 6 லிட்டர். பெர்க்கின்ஸ் 6.354-இல் முன்னால் இருக்கும் 6 சிலிண்டர் எண்ணிக்கை, பின்னால் இருப்பது கன அங்குலம். ஒரே மூன்று இலக்கம் ஒரு வண்டியில் மில்லிமீட்டரையும் இன்னொரு வண்டியில் அங்குலத்தையும் குறிக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது என்று அண்ணன் அடிக்கடி சொல்வார்.

இதே தகராறு மரையிலும் (போல்ட், நட்டின் திருகுச் சுற்றிலும்) உண்டு. அரை அங்குல போல்ட் என்று கேட்டால், ஓர் அங்குலத்துக்கு 12 மரை உள்ள விட்வொர்த், 13 உள்ள யு.என்.சி., 16 உள்ள பி.எஸ்.எஃப்., 20 உள்ள யு.என்.எஃப். என நான்கு வகை எங்களிடம் இருக்கின்றன. விட்வொர்த் வகையில் மரையின் கோணம் 55 பாகை. 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒப்புக்கொண்ட பொது மரையிலும் (யு.என்.சி., யு.என்.எஃப்.) மெட்ரிக்கிலும் 60 பாகை. 12-க்கும் 13-க்கும் ஒரே மரைதான் வேறுபாடு என்பதால் இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏறிவிடும். பிறகு ஸ்பேனரால் அழுத்தினால் ஹவுசிங்கின் மரை போய்விடும். அங்குல அளவில் வடிவமைத்த பழைய லேலண்டும் மெட்ரிக்கில் பிறந்த பென்ஸும் ஒரே பட்டறையில் நிற்கும்போது, பல கை மாறிய வண்டியில் எந்த இடத்தில் யார் எதைப் போட்டார்கள் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பழைய லேலண்டின் சக்கர நட்டுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்: இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை (இடப்புறம் திருப்பினால் இறுகுவது), வலப்பக்கத்துக்கு வலமரை. ஸ்டட்டின் (நட்டு ஏறும் தண்டின்) நுனியில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதி அனுப்புங்கள்.

பேரிங்குக்கு வழி எளிது. 6308 என்று விளிம்பில் இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். உள்துளை 40 மி.மீ. அதே போல் 32310 என்றால் 50 மி.மீ. இந்தக் கணக்கு அங்குல டேப்பர் பேரிங்குக்குச் செல்லாது. அதில் உள்வளையத்துக்கு ஓர் எண், வெளிவளையத்துக்கு ஓர் எண் என இரண்டையும் எழுதி அனுப்ப வேண்டும். டீசல் பம்ப்பாக இருந்தால் பக்கவாட்டில் உள்ள தகட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள், பி.ஈ.எஸ். 6 ஏ 85 என்று தொடங்கும் தகட்டில் 6 சிலிண்டர் எண்ணிக்கை, 85 என்பது 8.5 மி.மீ. விட்டமுள்ள பிளஞ்சர் (டீசலை அழுத்தித் தள்ளும் தண்டு). அந்தத் தகடு தேய்ந்தோ காணாமலோ போன பம்ப்புகளுக்குத்தான் எங்களிடம் நேரில் வர வேண்டியிருக்கும்.

கிரௌன் பினியன் கேட்பவர்கள் தயவுசெய்து பல்லை எண்ணிச் சொல்லுங்கள். 7-க்கு 43-உம் 6-க்கு 37-உம் விகிதத்தில் முறையே 6.14, 6.17 என்று ஏறக்குறைய ஒன்றாகவே வரும்; வண்டி இழுக்கும் விதத்தை வைத்து அவற்றைப் பிரித்தறிய முடியாது. முடிந்தவரை கழற்றிய பாகத்தையே கொண்டு வாருங்கள். உடைந்திருந்தாலும் துண்டுகள் போதும். கழற்றியதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்குத்தான் நாங்கள் அதிகம் தடுமாறுகிறோம்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 15 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கான தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரலில் பல மடங்கு உயர்ந்ததிலிருந்து, நம் வட்டாரத்தில் எத்தனையோ பழைய லாரிகள் உடைப்புக்குப் போயின. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழமை வாகனங்களுக்கு 2021-இல் வந்த தனிப் பதிவு முறையும் சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு மட்டுமே என்பதால் லாரிக்கு அதனால் பயனில்லை. வண்டி குறையக் குறைய, இந்தப் பாகங்களைச் செய்துவந்த சிறு பட்டறைகள் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. எஞ்சியிருப்பவர்கள் ஐந்து ஆறு என்று கேட்டால் அச்சு எடுப்பதில்லை. மொத்தமாக ஒரு கட்டு எடுத்தால்தான் அடுப்பில் வைக்கிறார்கள். அதை வாங்கி இரண்டு மூன்று ஆண்டு அலமாரியில் வைத்திருந்து, என்றோ ஒருநாள் போர்வெல் ரிக் ஏற்றிய பழைய வண்டியோ, தோட்டத்துத் தண்ணீர் லாரியோ வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்லாமல் எடுத்துக் கொடுக்கத்தான் இந்தக் கடை இருக்கிறது. வேகமாக விற்கும் புதிய வண்டிச் சாமானுக்கு மாறிவிடலாமே என்று சொல்லாதவர் இல்லை. எங்களுக்கு அதில் மனம் செல்லவில்லை.

வரும் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு பில்லிலும் ஜோடி எண், அளவு, இன்ஜின் எண் மூன்றையும் எழுதி, வாங்குபவரின் கையொப்பம் பெறுவோம். பாகம் பார்த்துச் சொல்ல 300 ரூபாய் கட்டணம் உண்டு (எங்களிடமே வாங்கினால் பில்லில் கழித்துவிடுவோம்), எண்ணெய்த் தாள் பிரித்த சாமான் திரும்ப எடுக்கப்படாது.

இத்தனை ஆண்டும் எங்களை நம்பி வந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இரவு பதினொன்றுக்குத் தொப்பூர்க் கணவாயில் ஆக்ஸில் உடைந்து நின்றபோது வேறு எவரையும் அழைக்காமல் எங்களை எழுப்பியவர்கள் நீங்கள். தந்தை காலத்தில் வாங்கிய லேலண்ட் காமெட் லாரியை விற்காமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அதற்கு மாலை போட்டுவிட்டு எங்கள் கடைக்குப் பொரி கொடுத்தனுப்பும் குடும்பங்கள் நீங்கள். குரல் பதிவைக் கேட்ட அன்றே திருச்செங்கோட்டிலிருந்து மூன்று ரிக் உரிமையாளர்கள் நேரில் வந்து, அந்தக் கிரௌன் வீலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து, தங்கள் குழுவில் உண்மையைச் சொன்னார்கள். அவர்களுக்கு எங்கள் கடன் தீராது.

அண்ணன் போகும்போது பதினொரு நோட்டுப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். எந்த வண்டிக்கு எந்த எண், எதற்குப் பதிலாக எது பொருந்தும், எது பொருந்தாது என்று தம் கைப்பட எழுதி, சில பக்கங்களில் கேஸ்கெட்டையே எண்ணெய்க் கையோடு அழுத்தி வடிவம் எடுத்து வைத்திருக்கிறார். உங்களில் பலருடைய வண்டிகள் பதிவெண்ணோடு அவற்றில் இருக்கின்றன. தம்பிகள் இப்போது ஒவ்வொரு பக்கமாகப் படியெடுத்து வருகிறார்கள். பழைய பதிவெண்ணை ஒரு தாளில் எழுதிக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போனால், உங்கள் வண்டிக்குரிய பக்கத்தின் நகலை எடுத்து வைக்கிறோம். அடுத்த முறை வரும்போது பெற்றுக்கொள்ளலாம்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
கடை உரிமையாளர்
சேலம்