மலையேற்றம்: கடைசியில் வருபவர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கோடை மலையேற்றக் கட்டுரையில் ஷூ, பை, டார்ச், ரெயின்கோட் என்று வாங்க வேண்டியவற்றின் பட்டியல் சரியாகவே இருந்தது. ஆனால் பன்னிரண்டு பேர் சேர்ந்து காட்டுக்குள் போகும்போது யார் முன்னால் நடப்பது, யார் கடைசியில் வருவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, கீழே யாரிடம் சொல்லிவைப்பது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடையில் வாங்க முடியாதவை இவை. குழு மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இவற்றில்தான்.

முதலில் ஒரு திருத்தம். 'மார்ச்சில் மழை இருக்காது, ஏற வசதி' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். மழை இல்லாததால்தான் புல் காய்ந்து கிடக்கிறது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. தீப்பருவத்தில் வனத்துறை பாதைகளை மூடுவதும் இதனால்தான். பாதை மூடியிருக்கும்போது 'நமக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், வேறு வழியாகக் கூட்டிப்போவார்' என்று யாராவது சொன்னால், கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் வைத்திருக்கும் கணக்கு. மேலேறி அதை முந்த யாராலும் முடியாது. இரண்டு சரிவுக்கு நடுவே உள்ள ஓடைப்பள்ளம் ஒளிய நல்ல இடம் போலத் தோன்றும். புகையும் வெப்பமும் புகைபோக்கிக்குள் ஏறுவதுபோல அதன் வழியாகத்தான் மேலே வரும். தீயின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ போக வேண்டும். உடை விஷயத்திலும் கவனம் தேவை. எல்லோரும் போட்டுக்கொண்டு வரும் பாலியெஸ்டர் டி-ஷர்ட் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வறண்ட காலத்தில் முழுக்கைப் பருத்திச் சட்டை நல்லது. மழை, குளிர் காலத்திலோ இதே பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அப்போது பாலியெஸ்டர், அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை.

இனி குழு. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். இருவருக்கும் பாதை தெரிந்திருக்க வேண்டும். முன்னவரை யாரும் தாண்டக் கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் கடைசி ஆளின் முகம் தெரியும்வரை முன்னவர் நிற்க வேண்டும். தலைவர் விரல்விட்டு எண்ணுவதை நம்ப முடியாது. வழியில் சேர்ந்து நடக்கும் வேறு குழுவினரும் அந்தக் கணக்கில் விழுந்துவிடுவார்கள். ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவரவர் எண்ணை அவரவரே சத்தமாகச் சொல்லட்டும். ஏழுக்கு அடுத்து எட்டு வரவில்லையென்றால் யாரைத் தேட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

சிறுநீர் கழிக்க ஒதுங்குகிறவர் பையைப் பாதை நடுவிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். பையைப் பார்த்தால் கடைசி ஆள் நிற்பார். பையையும் தூக்கிக்கொண்டு புதருக்குப் பின்னால் போனால், குழு அவரைத் தாண்டிப் போய்விடும்; அவர் வெளியே வரும்போது காட்டில் தனி ஆள்.

ஓய்வெடுப்பதிலும் ஒரு தப்பு வழக்கமாக நடக்கிறது. வேகமாக ஏறியவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். மெதுவாக வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், 'எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்' என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. நாள் முழுக்க இப்படியே போனால் இறக்கத்தில் கால் தடுமாறுவது அவருக்குத்தான். கடைசி ஆள் உட்கார்ந்த பிறகே ஓய்வு நேரத்தைக் கணக்கிடுங்கள். அந்த மெதுவானவரை முன்னவருக்கு அடுத்தபடியாக நடக்கவிட்டால் இன்னும் நல்லது.

நேரக் கணக்குக்கு வருகிறேன். 5 கி.மீ. தூரத்துக்கு 1 மணி நேரம், அதோடு 600 மீட்டர் உயரத்துக்கு இன்னொரு 1 மணி நேரம் என்பது மலையேறுபவர்களின் பழைய கணக்கு. 6 கி.மீ. நடந்து 900 மீட்டர் ஏற வேண்டிய பாதைக்கு இதன்படி 2 மணி 42 நிமிடம். இது பழகிய கால்களுக்கு. முதன்முறை வருபவர்கள் உள்ள குழுவுக்குப் பாதியைக் கூட்டி 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்க 3 மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடலாம். வேன் தாமதம், டிபன் தாமதம் என்று 9 மணிக்குக் கிளம்பி, உச்சியில் ஒரு மணி நேரம் போட்டோ எடுத்தால் இறங்க மாலை 5 மணி. இதற்கிடையில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் இறக்கம் இரு மடங்காகி இரவு 8 மணி. கோடை இடிமழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். ஆகவே திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவு செய்துவிட வேண்டும். 11 மணி என்றால் 11 மணி. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டியதுதான். மேலே போய் அதைப் பேசினால், ஆசைதான் ஜெயிக்கும்.

தண்ணீர் 'ஒரு லிட்டர் போதும்' என்பதும் தவறு. வெயிலில் ஏறும்போது ஆளுக்கு மணிக்கு அரை லிட்டராவது வேண்டும். 6 மணி நேரத்துக்கு 3 லிட்டர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை 1 லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிஞ்சிவிடும். ஒருவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால், தள்ளாடினால், வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்பத் தாக்காக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அருவியையும் ஓடையையும் பொறுத்தவரை, தலைக்கு மேல் வெயில் அடிப்பதை நம்பக் கூடாது. மேலே எங்கோ பெய்யும் மழை போதும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் அந்த நொடியே கரையேற வேண்டும். செருப்பு, போன் எதையும் எடுக்க நிற்காதீர்கள். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரைக் கடக்கக் கூடாது.

பாறையில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டுக்குக் கீழே புகை, சென்ட், கூச்சல் மூன்றும் கூடாது. தேனீக்கள் கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவதுதான் வழி. கையால் அடித்தால் இன்னும் திரளும். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேல் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கேடு. கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'தூக்கிக்கொண்டு' என்று எழுதுவது சுலபம். 65 கிலோ எடையுள்ளவரைத் தூக்க 2 மீட்டர் நீளத்தில் இரண்டு மூங்கில் கழி வேண்டும். பட்டன் போட்ட நான்கைந்து சட்டைகளின் கைகள் வழியாகக் கழிகளைச் செருகினால் தூளி தயார். முதலில் தரையிலிருந்து ஒரு அடி தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் நாலு பேர், சரிவில் பத்து நிமிடத்துக்கொரு முறை மாற இன்னும் நாலு பேர், பாதை பார்க்க ஒருவர். ஐந்து பேராகப் போனவர்களால் இது முடியாது. அப்போது அடிபட்டவரோடு இரண்டு பேர் தங்க, இரண்டு பேர் சேர்ந்து கீழே போக வேண்டும். தனியாக ஒருவரை அனுப்பக் கூடாது. போகிறவர்கள் கையில் சீட்டு இருக்க வேண்டும்: இடம், என்ன ஆயிற்று, எத்தனை மணிக்கு, இப்போது நிலைமை என்ன, உடன் இருப்பவர் எத்தனை பேர், கையில் எவ்வளவு தண்ணீர்.

கிளம்புமுன் எல்லோருடைய பெயர், ரத்த வகை, சாப்பிடும் மருந்து, வீட்டு போன் எண் ஆகியவற்றை எழுதி ஒரு பிரதியை அடிவாரத்திலும் ஒன்றை ஊரிலும் கொடுத்துவைத்தால், அந்தச் சீட்டில் பாதி வேலை முடிந்துவிடும். 'மாலை 6 மணிக்குள் போன் வராவிட்டால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்' என்றும் அதில் எழுதுங்கள். அடுத்த முறை சுற்றுலாக் கட்டுரை போடும்போது, பொருள் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வெட்டி எடுத்து நிரப்பும்படி இந்தப் படிவத்தையும் அச்சிட வேண்டுகிறேன். கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
மலையேற்றக் குழு ஒருங்கிணைப்பாளர் ஒருவர்,
போடிநாயக்கனூர்