எந்த மொழியில் விளக்கினீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவர்கள் மீது வழக்குகள் வருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இண்டெம்னிட்டி பாலிசி (வழக்கு வந்தால் நஷ்டஈட்டைக் கட்டும் காப்பீடு) எடுப்பது, படிவங்களை ஒழுங்காக வைப்பது, வார்டில் கேமரா பொருத்துவது எல்லாம் சொல்லியிருந்தார்கள். பெங்களூரில் 31 வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அதில் உள்ளதை யாராவது அவருக்குப் புரியும் மொழியில் சொன்னார்களா என்பது அந்தக் கட்டுரையில் எங்கேயும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2014ஆம் வருடம். நான் வேலை பார்த்த நர்சிங் ஹோமுக்குப் பித்தப்பைக் கல்லோடு ஓர் அம்மா வந்தார். நான்கு வீடுகளில் சமையல் வேலை. தமிழ் மட்டும்தான் படிப்பார், அதுவும் எழுத்துக்கூட்டி. சின்னத் துளைகள் போட்டே எடுத்துவிடலாம், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று ஓ.பி.யில் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கு ஆங்கிலப் படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று வாங்கியவள் நான்தான்.

உள்ளே பார்த்தால் பித்தப்பை சுற்றிலும் ஒட்டிக்கொண்டு கிடந்தது, பித்தக்குழாய் எது என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த நிலைமையில் வயிற்றைத் திறந்து செய்வதுதான் பாதுகாப்பு. பிடிவாதமாகத் துளை வழியே போனால் குழாய் வெட்டுப்பட்டுவிடலாம். சர்ஜன் சரியாகத்தான் செய்தார். ஆனால் கண் விழித்த அந்த அம்மா பார்த்தது, விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத் தையல். "உள்ள ஏதோ தப்புப் பண்ணிட்டுத்தான் கிழிச்சிருக்காங்க" என்று மகன் முடிவே கட்டிவிட்டார். ஒரு வாரம் படுக்கை. பில் ஏறிவிட்டது. அப்புறம் பல வாரம் வேலைக்குப் போக முடியாமல் இரண்டு வீடுகள் கைவிட்டுப் போயின. அந்தக் கோபம் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. தேவைப்பட்டால் திறந்து செய்ய நேரலாம் என்ற வரி படிவத்தில் இருந்தது. ஆங்கிலத்தில், நான்காவது பாராவில்.

மகன் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பேடு) நகல் கேட்டார். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீலைக் கேட்டுச் சொல்கிறோம் என்று நிர்வாகம் இழுத்தடித்தது. அந்தக் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது என்று எங்களுக்கும் உத்தரவு. ஒரு வாரம் கஞ்சி ஊட்டித் தலை வாரிவிட்ட நான், தையல் பிரிக்க அவர் வந்த அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். "சிஸ்டர்" என்று அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

விளக்கிச் சொன்னதாகக் கேஸ் ஷீட்டில் இப்போது ஒரு வரி சேர்த்துவிடலாமே என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார். சர்ஜன் முடியவே முடியாது என்று மறுத்துவிட்டார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

நுகர்வோர் மன்றத்துக்கு வழக்குப் போனது. ஆபரேஷனைப் பற்றிக் கேட்டதைவிட எதிர்த்தரப்பு கேட்டது இதைத்தான்: யார் விளக்கினார்கள், எப்போது, எந்த மொழியில்? எங்களிடம் பதில் இல்லை. நிர்வாகத்தினர் இரண்டரை வருடம் அலைந்து, பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். அந்த அம்மாவிடம் அதற்குள்ளேயும் யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

இது புதிதாக முளைத்த சட்டமும் இல்லை. டெல்லியைச் சேர்ந்த சமீரா கோஹ்லி வழக்கில் 2008லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியே கேமரா விட்டுப் பார்ப்பது) செய்யக் கையெழுத்துப் போட்டவருக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் கேட்டது செல்லாது என்றது நீதிமன்றம். உடனடியாக உயிரைக் காப்பாற்ற வேண்டிய அவசரம் என்றால் வேறு. மற்றபடி எதற்காகச் செய்கிறோம், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று நோயாளிக்கே தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர்களின் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. வார்டுக்குள் நாற்காலிகள் பறந்ததை நேரில் பார்த்தவள் நான். ஆனால் ஜெயில் பயத்துக்கு 2005லேயே உச்ச நீதிமன்றத்தில் ஜேக்கப் மேத்யூ வழக்கில் ஒரு தடுப்புக் கிடைத்தது. மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு, அதற்கும் முன்பு வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பானது.

நான் கடைசியாக வேலை பார்த்த டாக்டர் கன்னடக்காரர், தமிழ் அரைகுறை. ஆனாலும் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் வயிற்றைப் படமாக வரைவார். நான் தமிழில் சொல்லுவேன். "இப்ப நீங்க சொல்லுங்க, நாளைக்கு நாம என்ன பண்ணப் போறோம்?" என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லுவார். பத்து நிமிடம் ஆகும். பிறகு கேஸ் ஷீட்டில் நேரம், கூட இருந்த உறவினர் பெயர், "சிஸ்டர் தமிழில் விளக்கினார்" என்ற குறிப்பு, அதன் கீழே என் கையெழுத்து. அவரிடமும் சிக்கலான கேஸ்கள் வந்தன, துளையில் ஆரம்பித்துத் திறந்து முடித்ததும் உண்டு. நான் இருந்த ஒன்பது வருடத்தில் அவர் மீது ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை.

பெங்களூரில் தமிழும் உருதுவும் பேசுகிறவர்கள் இருக்கும் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கன்னடம், ஆங்கிலத்தோடு தமிழிலும் உருதுவிலும் ஒப்புதல் படிவம் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? உங்கள் இதழிலேயே மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழில் வெளியிடுங்கள். பித்தப்பை, குடலிறக்கம், சிசேரியன் இந்த மூன்றுக்கும் எளிய வார்த்தைகளில் எழுதித் தர நான் தயார். ஒரு டாக்டரும் ஒரு வக்கீலும் சரிபார்த்துக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
அல்சூர், பெங்களூரு