படகை எண்ணும் முன் வத்தத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் கழிகளையும் (கடல்நீர் உள்ளே வந்து நிற்கும் ஆழமில்லாத நீர்நிலைகள்) அலையாத்திக் காடுகளையும் ஒட்டிச் சுற்றுலாவை வளர்க்க யோசனை நடப்பதாக உங்கள் நாளிதழில் படித்தேன். படகுத்துறை, தங்கும் குடில், நீர் விளையாட்டு, வாகன நிறுத்தம் எல்லாம் செய்தியில் இருந்தன. தினமும் அந்தக் கழிக்குள் இறங்கிப் பிழைக்கிறவர்களைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

29 ஆண்டுகள் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்களுடையது திருவாடானை வட்டத்தில் கழியோரம் இருக்கிற சின்ன மீனவர் ஊர். பெயரைப் போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் பத்து வேன் வரும் என்பதால் போடவில்லை.

பிள்ளைகளை எடை போட்டு, உயரம் அளந்து, பதிவேட்டில் எழுதியே பழகிய கை இது. சும்மா இருக்கத் தெரியாது. போன தை மாதத்தில் நாலு ஞாயிறு, கரையில் பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணினேன். முதல் ஞாயிறு 6 வேன், 17 கார். நாலாவது ஞாயிறு 15 வேன், 38 கார். பைக்கை எண்ணி முடியவில்லை. அன்றைக்கு மட்டும் மோட்டார் படகு 22 நடை கழிக்குள் போய் வந்தது. ஓட்டியவர்கள் எங்கள் ஊர்ப் பையன்கள் இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் இரண்டு ஃபைபர் படகைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்டால் “மேலே சொல்லியாச்சு” என்பார். மேலே என்றால் எங்கே என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்று காலை ஒன்பது மணி வாக்கில் என் மதினி கழிக்குள் நின்றார். என் வீட்டுக்காரரின் அக்கா, வயது 63. இடுப்பளவுத் தண்ணீர். பனையோலைக் கொட்டானைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார். விரல்பட்டு இறால் துள்ளும், துள்ளிய இடத்தில் கையைக் குவித்து அமுக்கி எடுத்துக் கொட்டானில் போடுவார். கண் எங்கேயோ கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை, எல்லாம் விரல்தான். மூன்று மணி நேரம் நின்றால் அரைக் கிலோ, நல்ல நாளென்றால் முக்கால். படகு இருபதடி தள்ளித்தான் போனது. ஆனால் பின்னாலேயே வந்த அலையில் கொட்டான் கவிழ்ந்தது, எடுத்த இறால் அவ்வளவும் போயிற்று. படகிலிருந்த குழந்தைகள் கையசைத்தார்கள். மதினியும் கையசைத்தார். கரைக்கு ஏறி வந்து, “ஏத்தா, இதையும் ஒன் நோட்டுல எழுதிக்க” என்றார். எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கம், பாக் நீரிணையில், ஏற்றமும் வத்தமும், அதாவது கடல்நீர் ஏறுவதும் வடிவதும், பெரிதாக இருக்காது. மிஞ்சினால் இரண்டடி. துறைமுகத்தில் இரண்டடி ஒரு பொருட்டில்லை. முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் தண்ணீர் நிற்கிற கழியில் அந்த இரண்டடிதான் பிழைப்பு. அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி வத்தம் நன்றாக வாங்கும். அப்போதுதான் பெண்கள் இறங்குவார்கள். அட்டமி, நவமியில் தண்ணீர் அவ்வளவாக அசையாது, போனாலும் வெறுங்கை. ஆக ஒரு மாதத்தில் எங்கள் பெண்களுக்கு வாய்ப்பது சில நாள், அந்த நாளிலும் சில மணி நேரம். அதில் ஒரு ஞாயிறு போனால் என்ன போயிற்று என்று சம்பளக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

அதே வத்தத்தில் மோட்டார் படகை விட்டால் அதன் அடியில் சுழலும் காத்தாடி சேற்றில் உழும். கழிமுகத்தைத் தாண்டினால் கடல்தாழை என்கிற கடற்புல், அதையும் அரிந்துவிடும். ஓலக்கால் நண்டும் இறாலும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வது அந்தத் தாழைக்குள்தான். ஆவுளியா என்று நாங்கள் சொல்கிற கடற்பசுவுக்கு அதுதான் தீனி. எங்களுக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். எல்லைக்கோடு காகிதத்தில் இருக்கிறது, ஆவுளியாவுக்குத் தெரியாது. தாழை இருக்கிற இடமெல்லாம் அது மேயும். அலையாத்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பென்சிலை நட்டு வைத்தது மாதிரி சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் மூச்சுவேரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே படித்திருக்கிறார்கள். படித்த பிள்ளைகள்தான் படம் எடுக்க இறங்கி அதன் மேல் நிற்கிறார்கள்.

கடலை முறை வைத்துப் பங்கிடுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை உண்டு. அது பிசகாமல் நடக்கிறது என்று நான் சொன்னால் எங்கள் ஊர் ஆண்கள் சிரிப்பார்கள். ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால்தான் மீறியவரை நிறுத்திக் கேள்வி கேட்க முடிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற பெண்கள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கிறவர்கள், மாதத்தில் 12 நாள்தான் போவது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். அந்த வருமானத்தை விட்டால் வேறு வழியில்லாதவர்கள் அவர்கள். வேடிக்கை பார்க்க வருகிற படகுக்கு மட்டும் ஏன் நாள் கணக்கு இருக்கக் கூடாது?

நான் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்கிற ஆள் அல்ல. 2019-ல் மகளிர் குழுவில் எங்களை ஆலப்புழைக்குக் கூட்டிப் போனார்கள். முன்பு நெல் ஏற்றிப் போன கெட்டுவள்ளம் என்கிற பெரிய படகில் குளிரூட்டிய அறை, மெத்தை, பொரித்த கரிமீன். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் படித்துறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஓரளவு தமிழ் பேசினார். அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது தண்ணீர் மேல் எண்ணெய் வானவில் மாதிரி மிதந்து வந்தது. அவர் அதைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கழுவினார். குடிக்க இதுவா என்று கேட்டேன். “குடிக்கக் குழாய்த் தண்ணீர் வரணும், சுற்றிலும் தண்ணீர்தான்” என்றார். ஆலப்புழையின் அந்த வேம்பநாட்டு ஏரி 2002-லேயே, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. அதே ஏரியில் நெடியதுருத்துத் தீவில் கடலோர விதியை மீறிக் கட்டிய சொகுசு விடுதியை இடிக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னார் வளைகுடாவும் எங்கள் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல் அதே பட்டியலில் சேர்ந்தபோது நம் ஊரில் பெருமைப்பட்டார்கள், நானும்தான். பட்டியலில் இருக்கிற ஏரிக்கு நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால் நல்லது.

கேரளத்திலேயே எனக்குப் பிடித்ததும் ஒன்று உண்டு. அதே ஏரிக்கரையில் இருக்கிற குமரகத்தில் 2008 முதல் ‘பொறுப்புச் சுற்றுலா’ என்று ஓர் ஏற்பாடு. விடுதிச் சமையலுக்கு வேண்டிய காய்கறியை உள்ளூர்ப் பெண்கள் குழு விளைவித்து விற்றது. வேம்பநாட்டு ஏரி அகலமான பெரிய நீர், நம் கழி அப்படியில்லை. அவர்களுடைய படகை இங்கே கொண்டுவர முடியாது. காய்கறிக் கணக்கைக் கொண்டுவரலாம்.

இந்தக் கரைக்கு வளர்ச்சி வருவது முதல் தடவையும் இல்லை. 1990-களில் இறால் பண்ணை வந்தது. என் மாமனார் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டார். முதல் வருடம் வீட்டுக்கு டிவி வந்தது. அப்புறம் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டை குட்டையாக இறால் செத்தது, நாற்றத்தில் அங்கன்வாடியின் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். 1996 டிசம்பரில், காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் பண்ணைக்காரர் அதற்கு முன்பே மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனார். மாமனாரின் நிலத்தில் இன்றைக்கும் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது.

விடுதி கட்ட நினைக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தண்ணீரைத்தான். எங்கள் மாவட்டத்துத் தள்ளுவண்டியைப் பார்த்திருப்பீர்கள், குடம் உட்காரக் குழி வைத்த இரும்பு வண்டி. என்னுடையதில் ஒரு நடைக்கு ஆறு குடம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாள் குழாயடியில் வரிசை. வராத நாள் டிராக்டர் தண்ணீர், குடம் 12 ரூபாய். இரண்டு பேர் தங்கும் அறைக்கு நாளைக்கு 400 லிட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் குடத்தில் 27 குடம், என் வண்டியில் நாலரை நடை. 20 அறை என்றால் 90 நடை. இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வரும்? ஆழ்குழாய் போட்டால் உப்பு மேலே ஏறும் என்பதை இறால் பண்ணைக் காலத்தில் பார்த்துவிட்டோம். குளித்துக் கழுவிவிட்ட தண்ணீர் எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. கழியை விட்டால் இங்கே வேறு பள்ளம் கிடையாது.

வருகிறவர்கள் எங்கள் வீடுகளிலேயே தங்கட்டும். ஊரில் பாதி வீட்டில் மாடியறை பூட்டித்தான் கிடக்கிறது, பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்க இடம் கொடுக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே அலையாத்திக் காட்டுச் சுற்றுலா நடக்கிற காரங்காட்டைப் பாருங்கள். வனத்துறை ஏற்பாட்டில் அந்த ஊர்க்காரர்களே படகு ஓட்டுகிறார்கள், பெண்கள் சமைத்துக் கொடுக்கிறார்கள். பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். படகு ஓட்டிய பையன் காட்டுக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைத்தான். யாரும் சொல்லவில்லை. அவன் அம்மாவும் கழியில் இறங்குகிறவராக இருந்திருக்கலாம். நண்டுக் குழம்பு நன்றாக இருந்தது. புளி ஒரு கை கூடுதல், அது என் வாய்.

எந்தத் திட்டம் வந்தாலும் அது தமிழில், எங்கள் ஊர்ப் பேச்சில் புரிகிற மாதிரி, கிராம சபைக்கு முன்கூட்டியே வர வேண்டும். வரைபடத்தில் படகுத்துறைக்குக் குறி போடுமுன் பெண்கள் இறங்கும் இடத்துக்கும், களங்கட்டி வலை ஊன்றும் இடத்துக்கும், வலை காயப்போடும் திடலுக்கும் குறி போட வேண்டும். கழி எத்தனை படகைத் தாங்கும் என்பதை வத்த நாளை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஏற்ற நாளில் வந்து அளந்துவிட்டுப் போனால் எல்லாக் கழியும் பெரிதாகத்தான் தெரியும். படகுச் சீட்டுப் பணத்தில் ஊருக்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் மார்ச் 22 கிராம சபையில் எழுந்து கேட்டேன். “அது மேலேயிருந்து வர்ற திட்டம்மா” என்றார்கள். மறுபடியும் மேலே.

சரி, மேலே போக எனக்கு வழி தெரியாததால் கீழேயே பேசிப் பார்த்தேன். அந்த ஃபைபர் படகுக்காரரிடம் போய், வத்தம் வாங்குகிற தேதியும் நேரமும் போட்ட தாளொன்றை எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் மட்டும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கம்பு ஊன்றிப் போங்கள், டீசலும் மிச்சம் என்றேன். நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். முதல் ஞாயிறு கம்பு ஊன்றித்தான் போனார். மதினி முக்கால் கிலோ எடுத்தார். அடுத்த ஞாயிறு 21 வேன் வந்திருந்தது. காத்திருந்தவர்கள் சத்தம் போட்டதும் மோட்டாரைப் போட்டுவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திருவாடானை வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.