எருக்கும் அரளியும் பங்காளிகள்தான்

ஆசிரியருக்கு,

உங்கள் மூலிகைப் பக்கத்தில் எருக்கை 'அப்போசைனேசி', அதாவது அரளிக் குடும்பம் என்று போட்டதற்கு, "நாங்கள் அஸ்கிளிபியடேசி என்றுதானே படித்தோம்? இப்படி மாற்றிக்கொண்டே இருப்பதுதான் விஞ்ஞானிகளுக்கு வேலையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாவரவியல் பாடம் நடத்தியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

1789-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜுஸ்ஸியே எருக்கு, அரளி இரண்டையும் ஒரே குடும்பமாகத்தான் வைத்தார். 1810-ல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர்தான் எருக்கு வகையறாவைத் தனிக் குடும்பமாகப் பிரித்தார். காரணம் இல்லாமல் இல்லை. எருக்கம் பூவின் நடுவே ஐங்கோணத் தட்டு ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் தெரியும் சிறு கரும்புள்ளியை ஊசி முனையால் மெல்லக் கிளப்பினால், மகரந்தம் நிறைந்த இரண்டு மஞ்சள் பைகள் ஜோடியாகத் தொங்கிக்கொண்டு வரும். வண்டின் காலில் மாட்டுவதும் இதுதான். அரளியில் இது கிடையாது. மகரந்தம் சாதாரணத் தூள்தான்.

ஆனால் நன்னாரியைப் பாருங்கள். அதில் மகரந்தம் நான்கு நான்காக ஒட்டி, கரண்டி போன்ற உறுப்பில் ஏறியிருக்கும். பையும் இல்லை, தூளும் இல்லை, இரண்டுக்கும் நடுவான நிலை! பிறகு டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, எருக்கு வகையறா அரளிக் குடும்பத்துக்கு உள்ளிருந்தே கிளைத்தது என்று தெரிந்தது. அதைத் தனிக் குடும்பம் என்பது, ஒரு பேரனை மட்டும் நீக்கிவிட்டு 'இதுதான் தாத்தாவின் முழு வாரிசுப் பட்டியல்' என்று சான்றிதழ் வாங்குவது மாதிரி. பூக்கும் தாவரங்களின் உறவை ஆராயும் ஏபிஜி என்ற பன்னாட்டுக் குழு 1998-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் இரண்டும் மறுபடி ஒன்றாயின.

சேர்ப்பது மட்டுமல்ல, பிரிப்பதும் நடக்கிறது. லில்லியேசி (லில்லிக் குடும்பம்) என்று படித்த பழைய கூட்டம் இப்போது பல குடும்பங்களாகச் சிதறிவிட்டது. அதிலிருந்த செங்காந்தள் போய்ச் சேர்ந்தது கோல்சிகேசி குடும்பத்தில். அந்தக் குடும்பத்துக்குப் பெயர் தந்த கோல்சிகம் என்ற செடியில் உள்ள கோல்சிசின் நஞ்சுதான் காந்தள் கிழங்கிலும் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் அர்த்தம் இருப்பதற்கு இது போதாதா?

அதற்காக, பூவின் அமைப்பை வைத்துப் பிரிக்கும் பழைய பெந்தாம்–ஹூக்கர் வகைப்பாட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. காட்டில் ஒரு பூவைப் பிரித்துப் பார்த்து இனம் காண, 1862-க்கும் 1883-க்கும் இடையில் வந்த அந்த முறை இன்றும் கைகொடுக்கிறது. உறவுமுறை கேட்டால்தான் அதை நம்பக்கூடாது.

எனவே மூலிகைப் பக்கத்தில் அப்போசைனேசி என்றே தொடருங்கள். பழைய பெயரையும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் எங்கள் காலத்தவருக்கும் பிடிபடும்.

— ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், திருநெல்வேலி