குடியிருப்போர் சங்கம், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், ஆடிக் கூழ், புரட்டாசி பூஜை, தீபாவளி வழக்கம்போல் நடந்தன. செயற்குழு ஒன்பது முறை கூடியது. ஐந்து முறைதான் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை) சேர்ந்தது.

மற்றபடி இந்த ஆண்டு முழுவதும் வாடகை நிறுத்தம்தான். மாடிப்படி ஓரக் கழிவுநீர்க் குழாய் ஒழுகிக் கீழ்வீட்டுச் சுவர்கள் உப்புப் பூத்ததை எல்லோரும் பார்த்தீர்கள். தேதியிட்ட படங்களோடு புகார் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு வீட்டுக்காரரின் ஆளிடம் கையொப்பம் வாங்கி, கெடு கொடுத்தோம். கெடு தாண்டிய பிறகே நிறுத்தினோம்.

நிறுத்திய வாடகை செலவுக்கு அல்ல என்று மூன்று கூட்டங்களில் சொன்னேன். அதற்காகவே தனிக் கணக்கு. தீர்மான நகலும் சங்க விதிகளும் கேட்டு வங்கி இரண்டு முறை திருப்பி அனுப்பியது. பணம் எடுக்க இருவர் கையொப்பம் வேண்டும். தண்ணீர், மின்சாரக் கட்டணத்தை நிறுத்தவே கூடாது. வீட்டு எண் எழுதாமல் பணம் போட்ட நான்கு வங்கிச் சீட்டுகளுக்கு உரியவரைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் பிடித்தது.

சிலர் வாடகையும் கட்டவில்லை, கணக்கிலும் போடவில்லை. வீட்டுக்காரரின் வக்கீல் கடிதம் வந்ததும் முதலில் ஓடி வந்தவர்களும் அவர்களே. வாடகை பாக்கியைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஆனால் நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற முடியாது. 1998ஆம் ஆண்டு வெளியேற்றத் தடுப்புச் சட்டப்படி, விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். பூட்டை மாற்றி நம்மை வெளியே நிறுத்துவதும் சட்டவிரோதம்.

பிறகு வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்தோம்; கட்டணம் இல்லை. 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, புகார் பதிவான நாளிலிருந்து தீர்ப்பு வரை, அல்லது மூன்று மாதம் வரை, எது முந்தியோ அதுவரை வெளியேற்ற முடியாது. அதே காலத்தில் நாமும் வாடகை கட்டியாக வேண்டும். "புகாரும் இருக்கட்டும், நிறுத்தமும் தொடரட்டும்" என்றவர்கள் பாதிச் சட்டத்தைத்தான் படித்தவர்கள். 1986இல் ஜோகன்னஸ்பர்க் அருகே சொவேட்டோ மக்கள் வாடகை மறுத்ததை உதாரணம் காட்டினார்கள். அது நிறவெறி ஆட்சியோடு மோதியது. நம் எதிரில் இருப்பது ஒப்பந்தத் தாளோடு ஒரு வீட்டுக்காரர்.

தீர்ப்பாயத்தின் ஆய்வாளர் வந்துபோன பிறகு குழாய் மாற்றப்பட்டது. சுவர் இன்னும் பாக்கி.

வரவு செலவு ஏறக்குறையச் சரிக்கட்டியது, விவரம் பொருளாளரிடம். நகலெடுத்துத் தந்த இளைஞர்களுக்கும், கோயில் மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு என் பெயரை முன்மொழிய வேண்டாம். முன்மொழிந்தே தீருவோம் என்பவர்கள் முதலில் சந்தா பாக்கியைக் கட்டுங்கள். பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே.