சிரிப்புச் செய்தி அல்ல

ஆசிரியருக்கு,

நைஜீரியாவின் இபாதான் நகர வழக்காற்று நீதிமன்றம் ஒன்றில் நடந்த மணமுறிவு வழக்கைத் தங்கள் நாளிதழ் சிரிப்புத் துணுக்காக, தம்பதியின் பெயரோடு வெளியிட்டிருந்தது. படித்ததும் மனம் வருந்தியது. அங்கே சட்டப்படி பதிவான திருமணங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அப்பகுதியின் யொருபா இன மக்களின் மரபுப்படி நடந்தவை இந்த நீதிமன்றங்களுக்கு வரும். எளிய மக்களுக்கு எட்டும் நீதி இதுதான்.

1980-களில் நான் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தேன். சந்தையில் கிழங்கு மாவு விற்ற பக்கத்து வீட்டு அம்மா, பிள்ளைகளின் செலவுக்குக் கணவர் பணம் தரவில்லை என்று வழக்குப் போட்டார். துணைக்கு நானும் போனேன். வக்கீல் கிடையாது. கேள்வி, பதில் எல்லாம் யொருபா மொழியிலேயே நடந்தன. அந்த அம்மா பைபிள் மேல் சத்தியம் செய்தார். கணவரோ ஓர் இரும்புத் துண்டை உதட்டில் வைத்து, இரும்புக்குரிய தெய்வமான ஓகுன் பெயரால் ஆணையிட்டார். அப்புறம் அவர் எதையும் மறைக்கவில்லை. பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் தரச் சொல்லித் தீர்ப்பானது.

இத்தகைய வழக்குகளை எழுதுங்கள், சரி. ஆனால் பெயர்களைத் தவிர்த்து, தீர்ப்பையும் அதற்கான காரணத்தையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை