அடுத்த கிளைக்கு இடம் பார்க்கும் உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உணவக உரிமையாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும்,

வணக்கம். ஒரே கடையாக ஆரம்பித்து மூன்று நான்கு கிளைகள் வரை வந்து, இப்போது அடுத்ததற்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உணவகங்களின் அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். அடுப்பு வாங்க நாலு இடத்தில் விசாரிக்கிறீர்கள், குளிரறையை ஓடவிட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறீர்கள், ஆனால் நிறுவனத்தின் மெயில்களை வருடக்கணக்கில் பத்திரப்படுத்தப் போகிற ஆர்க்கைவ் ஏற்பாட்டை மட்டும் முதலில் வந்த விற்பனையாளர் காட்டிய நாலு படங்களைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

விற்பனையாளர் கொள்ளளவில் பேச்சைத் தொடங்குவார். இத்தனை டெராபைட், இத்தனை வருடம் என்பார். நீங்கள் வேறு ஒரு கேள்வியில் தொடங்குங்கள்: நம் கிளை மேனேஜர் நாளைக்கே வேலையை விட்டுப் போனால் அவருடைய மெயில்கள் என்ன ஆகும்? உணவகத் தொழிலில் ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள், அது யாருடைய தப்பும் இல்லை. மேனேஜர் போவார், செஃப் போவார், கொள்முதல் பார்ப்பவர் போவார். சப்ளையரிடம் பேசி முடித்த விலை, புகைபோக்கிச் செலவில் பாதியை ஏற்றுக்கொள்வதாகக் கட்டட உரிமையாளர் எழுதிக்கொடுத்த ஒற்றை வரி, சுகாதார ஆய்வாளர் கேட்ட விளக்கம், அதற்கு நாம் அனுப்பிய பதில் எல்லாம் அவர்களுடைய அக்கவுண்டில்தான் கிடக்கும். என்னைப் பொறுத்தவரை ஆர்க்கைவ் ஏற்பாட்டை இந்த ஒரு நாளை வைத்துத்தான் அளக்க வேண்டும். மற்ற வசதிகள் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சாஸ் சப்ளை செய்கிறவர் தன் கலவையை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயிலின் தலைப்பில் "புதிய பேக்கிங்" என்று மட்டும் இருக்கிறது. இனிமேல் இதில் எள் சேர்கிறது என்ற விஷயம் இணைப்பாக வந்த பி.டி.எஃப். கோப்பின் இரண்டாம் பக்கத்தில், சேர்பொருள் பட்டியலின் கடைசியில் இருக்கிறது. அந்த பி.டி.எஃப்.பும் தாளை ஸ்கேன் செய்தது, அதாவது வெறும் படம். மெயில் இரண்டு கிளைகளின் செஃப்களுக்குப் போகிறது. மூன்றாவது கிளைக்குப் போகவில்லை. சில மாதங்கள் கழித்து, எள் ஒத்துக்கொள்ளாத ஒரு வாடிக்கையாளர் ஆஸ்பத்திரி வரை போய்விட்டு வந்து வக்கீல் கடிதம் அனுப்புகிறார். அந்த நேரத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை: அந்த மெயில் எப்போது வந்தது, யார் யாருக்கு வந்தது, யாராவது பதில் போட்டார்களா, எந்தக் கிளைக்குச் சொல்லாமல் விட்டார்கள். படித்த செஃப்களில் ஒருவர் ஏற்கெனவே வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இப்போது உங்கள் ஆர்க்கைவ் இந்த மெயிலைக் கண்டுபிடித்துத் தருமா?

"எங்களுக்குத்தான் தினமும் பேக்கப் எடுக்கிறார்களே" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பேக்கப்பின் வேலை வேறு. சர்வர் கெட்டுப்போனால் நேற்று இருந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவதற்கானது அது. பெரும்பாலான இடங்களில் பழைய பேக்கப் மேல் புதியது எழுதப்படும். காலையில் வந்த மெயிலை மேனேஜர் மதியமே குப்பைப் பெட்டியில் இருந்தும் சேர்த்து அழித்துவிட்டால் ராத்திரி எடுக்கிற பேக்கப்பில் அது இருக்காது. மெயில் சேவை தருகிற அவகாசத்தையும் நம்பி இருக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் 365-இல் போனவருடைய அக்கவுண்டை நீக்கினால் அதைத் திரும்ப எடுக்க 30 நாள், கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாள். மெயில்களைப் பத்திரப்படுத்தித் தேடித் தருகிற கூகுளின் வால்ட் வசதி இருந்தாலும்கூட, அக்கவுண்டை நீக்கி அந்த அவகாசமும் முடிந்துவிட்டால் வால்ட்டில் இருந்தும் அவருடைய மெயில்கள் போய்விடும். அவற்றை வைத்திருக்க வேண்டுமென்றால் அந்த அக்கவுண்டை நீக்காமல், காப்பு நிலைக்கான தனி லைசென்ஸுக்கு மாற்ற வேண்டும். ஆள் போன மாதமே லைசென்ஸ் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று அக்கவுண்டை நீக்குகிற பழக்கம் நம் தொழிலில் ரொம்ப சகஜம் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அதனால் விற்பனையாளரிடம் முதலில் கேளுங்கள்: நகல் எந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது? மெயில் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும், பயனர் கை வைப்பதற்கு முன்பே ஒரு நகல் தனியாகப் போக வேண்டும். இதற்கு ஜர்னலிங் என்று பெயர். சில மலிவான ஏற்பாடுகள் ஒவ்வொருவருடைய பெட்டிக்குள்ளும் ஐமேப் (சர்வரில் இருக்கும் மெயிலைப் படிக்கிற வழக்கமான முறை) வழியாகப் போய், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை இருப்பதை அள்ளிக்கொண்டு வரும். அதற்குள் அழித்தது அழித்ததுதான். மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் போன்றவற்றின் ஜர்னலிங்கில் இன்னொரு லாபமும் உண்டு: பி.சி.சி.யில், அதாவது மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் பெறுகிறவர்களாக, யார் இருந்தார்கள், "எல்லாக் கிளைகளும்" என்ற குழு முகவரிக்கு அனுப்பியபோது அதில் யார் யார் இருந்தார்கள் என்பதும் பதிவாகும். மேலே சொன்ன எள் விவகாரத்தில் எந்தச் செஃபுக்குப் போகவில்லை என்று காட்டப்போவது இதுதான்.

அடுத்தது தேடல். டெமோவில் அவர்கள் வைத்திருக்கிற மாதிரி மெயில்களில் தேடிக்காட்டுவார்கள், நொடியில் வந்து விழும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் மெயில்களையே ஒரு மாதத்துக்குப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஸ்கேன் செய்த இன்வாய்ஸுக்குள் இருக்கிற எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர். இல்லையென்றால் வராது. தமிழில் எழுதுகிறவர்கள் தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடுங்கள், "விலை" என்று கொடுத்தால் "விலையை", "விலையில்" எல்லாம் கிடைக்கிறதா என்று பாருங்கள். எக்செல் விலைப்பட்டியலுக்குள்ளும் கண்டிப்பாகத் தேடிப் பாருங்கள். அப்புறம், இன்றைக்கு நிறைய பேர் கோப்பை இணைப்பதே இல்லை, கூகுள் டிரைவ் அல்லது ஒன்டிரைவ் லிங்க் மட்டும் அனுப்புகிறார்கள். பல ஆர்க்கைவ்களில் அந்த லிங்க் மட்டும்தான் சேரும், கோப்பு சேராது. அனுப்பியவர் கோப்பை நீக்கிவிட்டாலோ மாற்றிவிட்டாலோ உங்கள் கையில் இருப்பது ஒன்றுமில்லாத ஒரு வரி. ஒப்பந்தம், விலைப்பட்டியல், ஒவ்வாமைத் தகவல் மூன்றையும் கோப்பாகவே இணைத்து அனுப்பச் சொல்லி சப்ளையர்களிடம் இன்றைக்கே கேட்டுக்கொள்ளலாம், அதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

விலையைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமா, போனவர்களுடைய பெட்டிகளுக்கும் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். வருடத்துக்கு வருடம் ஆட்கள் மாறுகிற இடத்தில், போனவர்களுக்கும் பணம் என்றால் சில வருடங்களில் அந்தப் பட்டியல் இருப்பவர்களைவிட நீளமாகிவிடும்.

இதில் பாதிச் சிக்கலை வாங்குவதற்கு முன்பே தீர்த்துவிடலாம். முகவரியை ஆளின் பெயரில் வைக்காமல் பொறுப்பின் பெயரில் வையுங்கள்: ஒவ்வொரு கிளைக்கும் மேனேஜர் முகவரி, சமையலறை முகவரி, கொள்முதல் முகவரி. உள்ளே நுழைகிறவர் மாறுவார், முகவரி மாறாது. ஆனால் ஒரே பாஸ்வேர்டை நாலு பேரிடம் கொடுத்து வைக்காதீர்கள். பகிர்ந்த அஞ்சல் பெட்டியாக அமைத்து, ஒவ்வொருவரும் தன் பெயரில் உள்ளே போகிற மாதிரி செய்தால்தான் பதில் போட்டது யார் என்பது தெரியும். சொந்த ஜிமெயிலில் சப்ளையரோடு பேசுகிற வழக்கத்தையும் கறாராக நிறுத்த வேண்டும். உங்கள் டொமைனுக்குள், அதாவது நிறுவனத்தின் சொந்த மெயில் முகவரிகளுக்குள், வராத மெயிலை எந்த ஆர்க்கைவாலும் பிடிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் கொடுக்கிற ஆர்டருக்கும் இதே கதிதான், விலை பேசி முடிந்ததும் ஒரு வரி மெயிலில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள்.

எத்தனை வருடம் வைப்பது? எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்துவிடலாம் என்று தோன்றும். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வரிக் கணக்கு, சம்பளம், குத்தகை ஒவ்வொன்றுக்கும் சட்டம் சொல்கிற காலம் நாட்டுக்கு நாடு மாறும், அதை உங்கள் கணக்கரிடமும் வக்கீலிடமும் கேட்டு எழுதி வையுங்கள். மறுபக்கம், மேஜை முன்பதிவுக்கு ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய தொலைபேசி எண்ணையும், வேலைக்கு விண்ணப்பித்து நீங்கள் எடுக்காமல் விட்ட ஒருவருடைய விவரங்களையும் பத்து வருடம் வைத்திருக்க என்ன நியாயம்? 2018 மே மாதம் முதல் அமலில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.டி.பி.ஆர். சட்டம், தனிநபர் தகவலைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றே சொல்கிறது. முன்பதிவுக்கு ஒரு காலம், கொள்முதலுக்கு ஒரு காலம் என்று தனித்தனியாகப் போட முடிகிற ஏற்பாடாகப் பாருங்கள். வழக்கு வந்தால் குறிப்பிட்ட மெயில்களை மட்டும் அழியாமல் நிறுத்திவைக்கிற வசதியும் வேண்டும்.

கார்டு எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய விருந்துக்கு முன்பணம் கட்டுகிறவர்களில் சிலர் கார்டு எண்ணையும் பின்னால் இருக்கிற மூன்று இலக்கத்தையும் அப்படியே மெயிலில் எழுதி அனுப்பிவிடுவார்கள். பணம் எடுத்த பிறகு அந்த மூன்று இலக்கத்தைச் சேமித்து வைக்கவே கூடாது என்பது கார்டு தகவல் பாதுகாப்புக்கான பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். விதி. யாராலும் அழிக்க முடியாத ஆர்க்கைவ் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதில் இது போய் உட்கார்ந்தால் என்ன செய்வது? அப்படிப்பட்ட மெயிலை உள்ளே வருவதற்கு முன்பே பிடிக்க வழி உண்டா, தப்பி வந்துவிட்டால் யார் அனுமதித்து யார் நீக்கினார்கள் என்ற பதிவோடு அதை மட்டும் நீக்க முடியுமா என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அடுத்தவரைப் பார்க்கலாம்.

ஆர்க்கைவை வைப்பது சொந்த சர்வரிலா, விற்பனையாளரே இணையம் வழியாக நடத்துகிற கிளவுடிலா என்றும் கேட்பீர்கள். சொந்த சர்வருக்கு பைலர் என்ற திறந்த மூல ஆர்க்கைவ் மென்பொருள் இருக்கிறது, மெயில்ஸ்டோர் என்ற இன்னொன்றை விண்டோஸ் கணினியில் நிறுவி ஓட்டலாம். இரண்டில் எதுவானாலும் அதைக் கவனித்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு ஆள் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். பெரும்பாலான உணவகங்களில் அப்படி ஒருவர் இல்லை, அதனால் கிளவுடே நல்லது என்பது என் கருத்து. அவுட்லுக் மெயில்களைக் கணினியிலேயே சேமிக்கிற பி.எஸ்.டி. கோப்புகளை ஆர்க்கைவ் என்று நினைத்து மேனேஜரின் லேப்டாப்பில் விட்டுவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். லேப்டாப் தொலைந்தால் எல்லாம் போச்சு.

உள்ளே போட்டதைப் பார்க்கிற உரிமையும் முக்கியம். உரிமையாளர் என்பதற்காக ஊழியர்களின் மெயில்களை நினைத்தபோது புரட்டுவது சரியில்லை. யார் தேடினார், என்ன தேடினார், எப்போது தேடினார் என்பது பதிவாகட்டும். உங்கள் தேடலும் அதில் வரட்டும். மெயில்கள் சேமிக்கப்படுகின்றன என்பதை வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு பெட்டியை முழுவதுமாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள், இ.எம்.எல். அல்லது எம்பாக்ஸ் என்ற பொதுவான மெயில் கோப்பு வடிவத்தில். தண்டர்பேர்டு போன்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து, தேதி சரியாக இருக்கிறதா, இணைப்புகள் திறக்கின்றனவா, மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற முழு ஹெடர் தகவலும் இருக்கிறதா என்று பாருங்கள். சப்ளையர் பெயரில் யாரோ வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி மோசடி மெயில் அனுப்பினால் துப்பு கிடைப்பது அந்த ஹெடரில்தான். ஒப்பந்தம் முடிந்து நீங்கள் வேறு இடத்துக்குப் போகும்போது மொத்தத்தையும் எடுத்துத்தர எவ்வளவு கேட்பார்கள், எத்தனை நாளில் தருவார்கள், அதுவரை அழிக்காமல் வைத்திருப்பார்களா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு கிளையை மட்டும் விற்க வேண்டி வந்தால் அந்தக் கிளையின் மெயில்களைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உணவக அலுவலக வேலை பார்க்கும் ஒருவர்